வெள்ளைக்குக் கொடுத்த விலை: ராஜபாளையமும் சிப்பிப்பாறையும்

ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் அதிக தூரமில்லை. ஆனால் அந்த ஊர்களின் பெயரைத் தாங்கிய நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், இரண்டும் ஒரே சீமையில் உருவானவை என்று நம்புவது கடினம். ராஜபாளையம் எலும்பு கனத்து, மார்பு அகன்று, மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும் பால்வெள்ளை நாய். சிப்பிப்பாறை வயிறு ஒட்டி, கால் நீண்டு, தோலுக்கு அடியில் தசை ஓடுவது தெரிகிற மெலிந்த நாய்.

வேறுபாட்டுக்குக் காரணம் நிலம். ராஜபாளையம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். இரவில் மலையிறங்கும் காட்டுப்பன்றி வயலையே கிளறிப் போட்டுவிடும். பன்றியை எதிர்க்க வேகம் மட்டும் போதாது. உடம்பில் கனமும் பிடித்ததை விடாத தாடையும் வேண்டும். ஆந்திரப் பகுதியிலிருந்து குடியேறிய ராஜுக்கள் தங்களோடு கொண்டுவந்த இனம் என்று ஊரில் சொல்வார்கள். பாளையக்காரர்களுக்குக் காவல் நின்றது, வெள்ளையர் படைக் குதிரைகள் மேல் பாய்ந்தது என்றெல்லாம் கதைகள் உண்டு. கதை எப்படியோ, காவல் குணம் இன்றும் மாறவில்லை. வளர்த்தவரைத் தவிர வேறு யார் தொட்டாலும் அதற்குப் பிடிக்காது. அந்நியர் யாரானாலும் வாசலோடு சரி.

சிப்பிப்பாறை கரிசலின் பிள்ளை. மரம் குறைந்த வெட்டவெளியில் முயல் கிளம்பினால் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்க நேரமில்லை. கண்ணால் கண்ட கணத்திலேயே பாய வேண்டும். அரேபியப் பாலைவனத்துச் சலூக்கிக்கும் இங்கிலாந்துக் கிரேஹவுண்டுக்கும் இதே ஆழ்ந்த மார்பு, இதே ஒடுங்கிய இடுப்பு. வேலை ஒன்றாக இருந்தால் உடம்பும் ஒன்றாகிவிடுகிறது. குணத்தில் அமைதி அதிகம். வீணாகக் குரைக்காது. கம்பங்கூழையும் கேழ்வரகுக் கூழையும் குடித்து வளர்ந்த உழவர் வீட்டு நாய். கறுப்பு உடம்பில் பழுப்புக் குறிகளோடு பிறப்பதைக் கன்னி என்று தனியாகச் சொல்வார்கள். அந்தக் குட்டியை விலைக்குக் கொடுக்காமல், நன்றாக வளர்ப்பேன் என்று வாக்குத் தருபவருக்கே கொடுக்கும் வழக்கமும் இருந்தது. 2018-இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் வரும் கருப்பி என்ற நாயைப் பார்த்தவர்களுக்கு, அந்த மண்ணில் ஒரு வேட்டைநாய் ஒரு வீட்டுக்கு என்னவாக இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

நிறத்துக்கு வரும்போதுதான் எனக்கு மனம் கனக்கிறது. சிப்பிப்பாறையில் சாம்பல், செவலை, மயிலை எதுவாயினும் ஏற்றார்கள், ஓட்டம்தான் கணக்கு. ராஜபாளையத்தில் கண்ணுக்கு அழகு முந்திக்கொண்டது. புள்ளியோ பழுப்போ விழுந்த குட்டிகளை ஒதுக்கி, தூய வெள்ளையையே தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்தார்கள். நிறமி அணுக்கள் தோலுக்கு மட்டும் உரியவை அல்ல. உட்செவியிலும் அவை இருந்தால்தான் ஒலியை வாங்கும் நுண்மயிர் அணுக்கள் பிழைக்கும். அவை இல்லாவிட்டால் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடும். டால்மேஷன் இன நாயைப் பிடித்தாட்டும் அதே குறைதான் ராஜபாளையத்திலும் குட்டிகளைச் செவிடாக்குகிறது. காவலுக்கென்றே வளர்த்த நாயிடம் காதைப் பறித்தது மனிதனின் நிற ஆசை. இதற்கு நாயின் இனத்தைக் குறை சொல்வது அநியாயம்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றபின் இரண்டுக்கும் வேலை போயிற்று. அந்த இடத்தில் லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் வந்து அமர்ந்தன. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. தியடோர் பாஸ்கரன் 2017-இல் இந்திய நாய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 2020-இல் பிரதமரின் வானொலி உரையில் இரண்டு பெயர்களும் ஒலித்தன. அதன்பின் இவற்றைத் தேடுவோர் பெருகினார்கள். தேடும்போது, எங்கே வளர்க்கப்போகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

காஞ்சிபுரத்துப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். தறிக்குழி போக மிச்சமிருக்கும் இடத்தில் குடும்பமே புழங்குகிற நெசவாளர் வீட்டில் சிப்பிப்பாறையைக் கட்டிப்போடுவது கொடுமை. ஓட இடமில்லாத அந்த நாய் பொருட்களைக் கடித்துக் குதறும். கயிறு அவிழ்ந்தால் தெருக்கோழியைத்தான் துரத்தும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் நிலைமை வேறு. நீர் வற்றிய மாதங்களில் ஆற்று மணல் அகன்று கிடக்கிறது. காலையும் மாலையும் அங்கே அவிழ்த்து ஓடவிட முடிந்தவர் தாராளமாகச் சிப்பிப்பாறை வளர்க்கலாம். ஆடு மேயும் நேரம் மட்டும் கயிறு கையில் இருக்கட்டும்.

கரையோரத் தோப்புக்குக் காவல் வேண்டுமென்றால் ராஜபாளையம். வெளிறிய தோல் என்பதால் உச்சி வெயிலில் நிழல் வேண்டும். சொறி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்குமுன் குட்டியை அதன் கூட்டத்திலிருந்து தனியே பிரித்து, அது பார்க்காதபோது பின்னாலிருந்து தட்டில் ஓசை எழுப்பிப் பாருங்கள். காற்று மேலே படாத தூரத்தில் நின்று செய்ய வேண்டும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடும். மூளைத்தண்டு கேட்புச் சோதனைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். தாய், தகப்பன் இரண்டுக்கும் காது கேட்கிறதா என்று விற்பவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.