காரணம் கேட்கும் ஒரு வரி

லண்டனில் எங்கள் தெருவில் ஒரு பையன். இருபது வயசு இருக்கும். சாயங்காலம் ஏழு மணி நெருங்கினால் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குள் போய்விடுவான். கணுக்காலில் ஒரு பட்டை. ராத்திரி ஏழிலிருந்து காலை ஏழு வரை வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று கோர்ட் கொடுத்த தண்டனையாம்.

"பஸ் லேட்டாகி பத்து நிமிஷம் பிந்திட்டா ஜெயிலாப்பா?" என்று கேட்டாள் மகள்.

உடனே ஜெயில் இல்லை. பிந்திய நிமிஷங்கள் கணக்கில் ஏறும். காரணம் கேட்பார்கள், எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்கும் அடங்காவிட்டால்தான் மறுபடி கோர்ட். பேங்க்காரனான எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. தவணை ஒரு நாள் தள்ளிப்போனால் யாரும் ஜப்திக்குப் போவதில்லை. முதலில் ஞாபகக் கடிதம், பிறகு போன். நம் நாட்டில்கூட 90 நாள் தாண்டினால்தான் வாராக்கடன் என்று எழுதுவார்கள்.

ஆனால் நம் ஜனங்களுக்கு இந்தச் சலுகை ஒரு காலத்தில் கிடைக்கவில்லை. அதையும் அவளுக்குச் சொன்னேன்.

ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் தாத்தாவுக்கு 'ரேகை' என்ற சொல்லே ஆகாது. தங்கவயல் கம்பெனிகள் தொழிலாளிகளிடம் கைரேகை எடுக்கக் கிளம்பியதை எதிர்த்து 1930-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. "திருடன்கிட்டதானே ரேகை எடுப்பான், நாங்க யாரு?" என்பார்.

அதே சொல் மதுரைப் பக்கம் இன்னும் பயங்கரமானது. 1871-ல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை பதிந்து, ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனிலோ ஊர்ச் சாவடியிலோ ஆஜராகிப் படுக்க வேண்டும். புது மாப்பிள்ளைக்கும் அதே கதிதான். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் சேர்த்து 16 பேர் செத்தார்கள்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. எங்கள் தெருப் பையன் ஒரு தப்பு செய்தான், விசாரித்துத் தண்டித்தார்கள், அதற்கு ஒரு முடிவுத் தேதியும் உண்டு. சாவடியில் படுத்தவர்களில் பெரும்பாலோர் எந்தக் கோர்ட்டிலும் குற்றவாளியாக நின்றதில்லை. முடிவுத் தேதியும் கிடையாது. ஆனால் ஒரு ராத்திரி ஆஜராகாவிட்டால் அதுவே குற்றம், அதற்குச் சிறை. வெளியே வந்தால் 'ஏற்கெனவே தண்டனை பெற்றவன்' என்று பெயர். சட்டமே குற்றவாளியைத் தயார் செய்து, அவனைக் காட்டியே தன்னை நியாயப்படுத்திக்கொண்டது.

வக்கீல் ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர் எனப் பலர் போராடி, சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் ஒழிந்தது. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-ல்.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "உடம்பு சரியில்லைன்னு ஒருத்தர் வரலைன்னா, அவர்கிட்ட யாராச்சும் ஏன்னு கேட்டாங்களாப்பா?" என்றாள்.

நாங்கள் அனுப்பும் ஞாபகக் கடிதத்தின் அடியில் 'தாமதத்துக்குக் காரணம் இருந்தால் தெரிவிக்கவும்' என்று ஒரு வரி உண்டு. வெட்டி வரி, எடுத்துவிடலாம் என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இனி சொல்ல மாட்டேன்.