ஜூலியா: தேசத் தந்தையின் மகள்

கி.மு. 2, பிப்ரவரி 5. ரோம் செனட், அகஸ்டஸுக்குத் 'தேசத் தந்தை' என்று பட்டம் சூட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள், தான் பெற்ற ஒரே பிள்ளையின் கள்ள உறவுகளை அதே செனட்டுக்கு அவர் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. நேரில் வர முகமில்லை. அதிகாரி ஒருவர் வாசித்தார்.

மகள் ஜூலியா பிறந்த அன்றே தாய் ஸ்கிரிபோனியாவை விவாகரத்து செய்தவர் அகஸ்டஸ். அடுத்து அவர் மணந்த லிவியா, முதல் கணவரின் பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி வந்தவள். இந்த மனிதர்தான் கி.மு. 18-இல் பிறன்மனை உறவை அரசுக் குற்றமாக்கிச் சட்டம் போட்டார்!

ஆண் வாரிசு இல்லை, ஆகவே மருமகன்கள். முதலில் ஜூலியாவின் அத்தை மகன் மார்செல்லஸ். இரண்டே ஆண்டில் செத்துப்போனார். பிறகு தளபதி அக்ரிப்பா, ஏறக்குறைய அப்பா வயது. ஐந்து பிள்ளைகள். அவரும் இறக்க, லிவியாவின் மகன் டைபீரியஸ். அவருடைய அன்பு மனைவி விப்சானியா, ஜூலியாவுக்கு மூத்தாள் மகள். அவளை விலக்கவைத்துத்தான் இந்தக் கல்யாணம். கசந்தது. கி.மு. 6-இல் டைபீரியஸ் ரோட்ஸ் தீவுக்கு ஒதுங்கிப் போனார்.

ஜூலியாவின் காதலர்கள் என்று சொல்லப்பட்டவர்களில் ஒருவர் யூல்லஸ் அந்தோனியஸ். அகஸ்டஸின் பழைய எதிரி மார்க் அந்தோனியின் மகன். பலர் நாடுகடத்தலோடு தப்பினார்கள். யூல்லஸுக்கு உயிர் போயிற்று. படுக்கையறைக் குற்றம் மட்டும் என்றால் இந்த வித்தியாசம் எதற்கு? அகஸ்டஸைக் கொல்லவே சதி நடந்ததாக ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். எனக்கும் இங்கே அரசியல் வாசனைதான் தூக்கலாக அடிக்கிறது.

ஜூலியாவைப் பாண்டடேரியா என்ற குட்டித் தீவில் அடைத்தார்கள். மது கூடாது. அடிமையோ குடிமகனோ, எந்த ஆண் அங்கே போவதானாலும் அகஸ்டஸின் அனுமதி வேண்டும். அவன் வயது, உயரம், நிறம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு வரை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். தானாக முன்வந்து கூடப் போனவள் ஸ்கிரிபோனியா, பிரசவ நாளிலேயே தள்ளிவைக்கப்பட்ட அந்தத் தாய்.

மன்னிக்கச் சொல்லி மக்கள் மன்றாடினார்கள். ஐந்தாண்டு கழித்து இத்தாலியின் தென்கோடி ரீஜியத்துக்கு மாற்றினார், அவ்வளவுதான். தன் கல்லறை மண்டபத்தில் அவளுக்கு இடமில்லை என்றும் எழுதிவைத்தார். கி.பி. 14-இல் அவர் இறந்ததும் அரியணை ஏறியவர் டைபீரியஸ். மாஜி மனைவிக்கு வந்துகொண்டிருந்த பணத்தை நிறுத்தினார். அதே ஆண்டில் அவள் நலிந்து செத்தாள்.

அதற்கு முன்பே, அகஸ்டஸ் இறந்த சூட்டோடு, வேறொரு தீவில் காவலில் இருந்த அக்ரிப்பாவுக்கு அவள் பெற்ற கடைசி மகன் அக்ரிப்பா போஸ்டுமஸைக் கொன்றுவிட்டார்கள். உத்தரவு யாருடையது? செத்துப்போன தாத்தாவா, லிவியாவா, டைபீரியஸா?

(தொடரும்)