கஞ்சாச் செடியும் கடல் கடந்த தமிழரும்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஒரு மரத்தின் வரலாற்றையும் உடன் எழுதியே தீரவேண்டும். அமேசான் காட்டிற்குரிய ரப்பர் மரத்தின் கன்றுகள் 1877 ஆம் ஆண்டில், ஹியூ லோ பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கோலகங்சாரில் நடப்பட்டன. அவ்வூருக்கு அண்மையிலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரம் அம்மரத்தினாலேயே தோட்டங்கள் சூழ்ந்த பகுதியாயிற்று. நம் முன்னோரில் பலர் கப்பலேறியதும் அம்மரத்திற்காகவே.

ஆயின், கடல் கடந்த இந்தியரோடு பல நாடுகளுக்கும் சென்ற வேறொரு செடியும் உண்டு. அதுவே கஞ்சா. இன்று நாளேடுகளில் அச்செடியின் பெயர் வழக்குமன்றச் செய்திகளில் வருகிறது. அதன் அருகே தமிழ்ப் பெயர்களும் வருகின்றன. ஆசிரியர்களாகிய நாம் அதனைப் பற்றி மாணவரிடம் பேசுவது பெரும்பாலும் 'தொடாதே' என்னும் ஒரே சொல்லோடு முடிந்துவிடுகிறது. அச்சொல் தேவையானதே. எனினும், வரலாறு அறியாத அறிவுரைக்கு வலிமை குறைவு. எனவே அச்செடி எங்கே விளைந்தது, யாருக்குப் பயன்பட்டது, யாரைத் தண்டித்தது என்பவற்றை ஈண்டு சுருங்க நோக்குவோம்.

மழையும் செடியும்

கஞ்சா, நடு ஆசியப் பகுதியைத் தாயகமாகக் கொண்டதென அறிஞர் கருதும் ஓராண்டுத் தாவரம். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் பூங்கொத்தில் சுரக்கும் பிசினே மயக்கம் தருவது. பகற்பொழுது குறுகத் தொடங்கும்போதுதான் அச்செடி பூக்கும். இங்கிலாந்து, அயர்லாந்து போன்ற மழை மிகுந்த மிதவெப்ப நாடுகளில் இவ்வியல்பே அதற்குப் பகையாகிறது. கோடைக்காலத்தில் ஓங்கி வளர்ந்த செடி பூக்கும் வேளையில் இலையுதிர்காலத்து மழையும் பனியும் வந்து சேர்கின்றன. நெருங்கிய பூங்கொத்தினுள் ஈரம் தங்கிச் சாம்பல் நிறப் பூசணம் பற்றி, உள்ளிருந்தே அழுகச் செய்கிறது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டிலோ துன்பம் வேறு வகையினது. ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமே. ஆதலால் செடி போதிய உயரம் எய்துமுன் பூக்க முற்படுகிறது. பூத்தபின் உலர்வதற்கு வேண்டிய நீண்ட வறட்சிக் காலமும் இங்கு இல்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் பேராக்கில், மழையில் பட்டை நனைந்தால் பால்மரத்தைக்கூடச் சீவ இயலாது என்பதைத் தோட்டத்தில் பிறந்த எவரும் அறிவர். பால்மரமாவது மழை நாட்டு மரம். கஞ்சாவோ விளையும் பருவத்தில் வெயிலை வேண்டி நிற்பது.

நாரும் பிசினும்

மழை நாட்டார் அச்செடியை வளர்க்காமல் இருந்தனரா? இல்லை. அவர்கள் பிசினுக்காகவன்றி நாருக்காக வளர்த்தனர். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1533 ஆம் ஆண்டில் ஒவ்வோர் 60 ஏக்கர் உழுநிலத்திற்கும் கால் ஏக்கர் வீதம் ஆளியோ கஞ்சா நார்ப்பயிரோ விளைவிக்க வேண்டுமெனச் சட்டம் இயற்றினான். கப்பற்படைக்குக் கயிறும் பாயும் வேண்டியிருந்தன. கான்வாஸ் என நாம் வழங்கும் துணிப்பெயரும் அச்செடியின் இலத்தீன் பெயரிலிருந்து பிறந்ததே. மழையும் பனியும் பூவைக் கெடுத்தன. தண்டினை ஊறவைத்து நாரைப் பிரிப்பதற்கோ ஈரம் துணைசெய்தது.

இவ்வேறுபாட்டை மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர், மழை நாடாகிய அயர்லாந்தில் பிறந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஓஷானெசி. இந்தியச் செடியில் காணும் பிசின் ஐரோப்பியச் செடியில் காணப்படவில்லை என்பதை அவர் 1839 இல் வெளியிட்ட ஆய்வில் சுட்டினார். நம் சித்த மருத்துவமோ அச்செடியைக் 'கோரக்கர் மூலி' என வழங்கி, பிற மருந்துச் சரக்குகளோடு சேர்த்து அளவறிந்து கையாண்டு வந்தது.

வங்காளத்தின் நவகாம் பகுதியில் நடைபெற்ற சாகுபடி, மழையை அறிந்து நடத்தப்பட்ட வேளாண்மைக்குச் சான்றாகும். அங்கு உழவர் ஆகஸ்டுத் திங்களில் மேட்டு நிலத்தில் நாற்று விட்டு, செப்டம்பரில் பிடுங்கி நட்டனர். பருவமழை ஓய்ந்தபின் செடி பூக்கத் தொடங்கியதும், அதற்கெனப் பயின்றவர் வயலுக்குள் சென்று ஆண் செடிகளை இனங்கண்டு அகற்றினர். அறுவடை சனவரி, பிப்ரவரித் திங்களில் வறண்ட வெயிலில் நிகழ்ந்தது. இவை யாவும் அரசின் உரிமமும் வரியும் பெற்று நடந்தவை. 1893 இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு 1,193 பேரின் சாட்சியத்தைக் கேட்டு, மறு ஆண்டில் அறிக்கை தந்தது. மிதமான பயன்பாடு பெருந்தீங்கு விளைவிப்பதில்லை. மிகையான பயன்பாடு தீங்கு தரும். முழுத் தடை வேண்டியதில்லை என்பன அதன் முடிவுகள். வரி கொணரும் பயிரைப் பற்றி ஆளுவோர் அமைத்த குழு அது என்பதையும் மறத்தலாகாது.

கடல் கடந்த பெயர்

தாயகத்தில் வரிப்பொருளாக இருந்த அதே செடி, கூலிகளாகக் கடல் கடந்தோரின் கையில் குற்றப்பொருளாயிற்று. 1860 இல் சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தத் தொழிலாளரைக் கொண்டு சேர்த்தது. பத்தே ஆண்டுகளில், 1870 இல், அந்நாட்டுக் கூலிச் சட்டம் 'கூலிகள்' கஞ்சாச் செடியின் எப்பகுதியையும் வைத்திருத்தலையும் புகைத்தலையும் தடைசெய்தது. கரும்புத் தோட்டத்தில் வேலை குறைந்துவிடும் என்பதே அன்றைய முதலாளிகளின் கவலை. மேற்கிந்தியத் தீவாகிய ஜமைக்காவிற்கு 1845 முதல் சென்ற இந்தியத் தொழிலாளர் வழியே 'கஞ்சா' என்னும் சொல்லே அந்நாட்டு வழக்காயிற்று. 1913 இல் அங்கும் தடைச்சட்டம் வந்தது.

நம் பகுதியிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நீரிணைக் குடியேற்றங்களில் அபின், சாராயம் ஆகியவற்றைப் போன்றே கள்ளும் 'பாங்கு' எனப்படும் கஞ்சாவும் வரிக்குத்தகைக்கு விடப்பட்டன. விற்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர் அரசுக்குப் பணம் செலுத்தினார். போதையை வெறுத்ததால் அன்று, பிற்காலத்தில் கொள்கை மாறியதால்தான் அரசின் கணக்கேட்டிலிருந்து அவ்வரி மறைந்தது. 1925 இல் ஜெனிவாவில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையில் கஞ்சாவும் சேர்க்கப்பட்டது.

தோட்டத்துப் போதை

அவ்வாறாயின் மலாயாத் தோட்டப்புறத்தில் போதையே இல்லையா? இருந்தது. அதன் பெயர் கள். தென்னை மழையை விரும்பும் மரம். ஈர நாட்டில் ஆண்டு முழுவதும் பாளை தருவது. தோட்டத்து எல்லைக்குள்ளேயே கள்ளுக்கடை அமைந்தது. காலையில் பால்வெட்டி ஈட்டிய கூலியின் ஒரு பகுதி மாலையில் அக்கடை வழியே திரும்பிச் சென்றது. தோட்டத்துப் போதை எதுவென்பதை முடிவு செய்ததில் அறநெறிக்குப் பங்கில்லை. மழைக்கும் முதலாளியின் வசதிக்குமே பங்குண்டு என்பது என் துணிபு.

இதனை உணர்ந்தோர் தமிழரே. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். தன் மானத்தைத் தானே காக்க எழுந்த தொழிலாளியின் குரல் அது. மேலிருந்து வந்த சட்டத்திற்கும் கீழிருந்து எழுந்த அக்குரலுக்கும் உள்ள வேறுபாட்டை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

சட்டமும் நம் பிள்ளைகளும்

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தோட்டங்களை வாங்க முற்பட்டார். ஆயினும் எல்லாத் தோட்டத்தையும் அது காக்க இயலவில்லை. பால்மரம் செம்பனைக்கு இடம் விட்டது, லயங்கள் வெறிச்சோடின, மக்கள் பட்டணத்து ஓரங்களில் குடியேறினர். கோயிலும் பள்ளியும் பக்கத்து வீட்டாரின் கண்காணிப்பும் ஒருசேர அமைந்திருந்த வாழ்வு கலைந்த இடத்தில், இங்கு விளையாத செடியின் உலர்ந்த பூ வெளியிலிருந்து விலைப்பொருளாக வந்தது.

1952 ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டம் இதற்குள் கடுமையடைந்திருந்தது. கடத்தலுக்கு 1975 இல் மரண தண்டனை சேர்க்கப்பட்டது. 1983 இல் அது கட்டாயமாயிற்று. 200 கிராம் கஞ்சாவை வைத்திருப்பவர் கடத்துபவராகவே கொள்ளப்படுவார். அல்லவென்று மெய்ப்பிக்கும் சுமை அவர் தலைமேல் விழும். செடியை வளர்ப்பதே தனிக் குற்றம். 2023 சூலை 4 முதல் மரண தண்டனை கட்டாயம் என்னும் விதி நீக்கப்பட்டு, தண்டனையைத் தேரும் உரிமை நீதிபதிக்கு வழங்கப்பட்டது. ஆயின் மரண தண்டனை ஒழிந்துவிடவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று, அண்டை நாடாகிய சிங்கப்பூரில் 1,017.9 கிராம் கஞ்சா தொடர்பான வழக்கில் 46 வயதுத் தமிழர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். பேராக்கின் வட எல்லைக்கு அப்பாலுள்ள தாய்லாந்தோ 2022 இல் அச்செடியைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கி, 2025 இல் மீண்டும் மருத்துவச் சீட்டுக்கு உட்படுத்தியது. எல்லைக்கோட்டைக் கடந்ததும் நீதியும் மாறுகிறது. இதனை அறியாத இளைஞனே, பிறர் தரும் பொதியைச் சுமந்து சென்று சிக்குகிறான்.

செடி ஒன்றே. மழை நாட்டில் அது கயிறாயிற்று. வறண்ட நிலத்தில் மருந்தும் வரியுமாயிற்று. கூலியின் கையில் குற்றமாயிற்று. ஆசிரியர் இவ்வரலாற்றை வகுப்பில் கூறுவது அச்செடிக்குப் பரிந்து பேசுவதாகாது. 'தொடாதே' என்பதற்கு முன் 'அறிந்துகொள்' என்று கூறுவோமாக. அதற்கும் முன், தோட்டத்தை இழந்த பிள்ளைக்கு நிற்பதற்கோர் இடம் அமைப்போமாக. கள்ளுக்கடையின் முன் நின்று மறித்த நம் பாட்டன்மார் நமக்கு விட்டுச்சென்ற கடமை அதுவே.