எண்ணும் எண்ணமும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் பெற்றோர் கூடி நின்று பேசுவதைக் கேட்டிருக்கிறோம். மயிலையிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் அண்மைக் காலமாக ஒரு சொல் ஓயாமல் அடிபடுகிறது: டேட்டா சயின்ஸ். எந்தக் கல்லூரியில் உண்டு, கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்ற விசாரணைகள். அதே பெற்றோரிடம் 'ஸ்டாடிஸ்டிக்ஸ்' படிக்கலாமே என்றால் முகம் வாடிவிடும். வேறு இடம் கிடைக்காதவர் சேரும் பாடம் அது என்பது பலருடைய முடிவு. தரவு அறிவியல் என்று இன்று புதுப்பெயர் சூடி வந்திருப்பதன் பெரும்பகுதி, நம் நகரத்தில் முக்கால் நூற்றாண்டாகக் கற்பிக்கப்பட்டுவரும் அந்தப் பழைய புள்ளியியலே என்பதை அவர்கள் அறியார்.

இக்கலையின் வேரில் நமக்கும் சிறிது பங்குண்டு. திருமணத்தையும் திருமுழுக்கையும் பங்குத்தந்தையர் ஏட்டில் பதிந்து பேணவேண்டும் என்று திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் பணித்தது. பிற சபைகளின் பங்குகளிலும் இவ்வழக்கம் இருந்தது. இலண்டன் மாநகரப் பங்குகளின் ஊழியர் திரட்டிய அடக்கக் கணக்குகளையும் திருமுழுக்குக் கணக்குகளையும் வைத்துக்கொண்டு, ஜான் கிராண்ட் என்ற துணி வணிகர் 1662-இல் ஒரு நூல் எழுதினார். எத்தனை குழந்தைகள் இளமையிலேயே மடிகின்றன, எந்த நோய் ஆண்டுதோறும் சீராகக் கொல்கிறது, எது திடீரெனப் பாய்கிறது என்றெல்லாம் அதில் ஆராய்ந்தார். புள்ளியியல் அந்த நூலில் தொடங்கிற்று என்பர்.

சென்னையில் இக்கலை கல்லூரிப் பாடமாவதற்கு நெடுங்காலம் முன்பே, ஏழைகளின் உயிரைப் பற்றிய வழக்கொன்றில் சாட்சி சொல்லியிருக்கிறது. 1871-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சென்னை மாகாண அறிக்கையை எழுதியவர் டாக்டர் கார்னிஷ் என்ற ஆங்கில மருத்துவர். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்தவர். 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தின்போது, செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று 1877-இன் தொடக்கத்தில் விதித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. கார்னிஷ் அதை எதிர்த்தார். கண்ணீரைக் காட்டி அவர் வாதாடவில்லை. சிறைகளில் கொடுத்த உணவின் அளவுகளையும் இறப்புக் கணக்குகளையும் எடுத்து வைத்து, உழைக்கும் உடம்புக்கு இது போதாது என்று காட்டினார். அவ்வாண்டிலேயே சென்னை அரசாங்கம் அளவைக் கூட்டியது. அதற்குள் மாண்டவர் மாண்டனர். எண்களைக் கல் நெஞ்சின் மொழி என்று நினைப்போர்க்கு இந்த வரலாற்றைச் சொல்லத் தோன்றுகிறது.

இனிக் கல்லூரிக்கு வருவோம். சாந்தோம் பேராலயத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி நடந்தால், இராணி மேரி கல்லூரியையும் விவேகானந்தர் இல்லத்தையும் கடந்து, மாநிலக் கல்லூரியின் செந்நிறக் கட்டடத்தை அடையலாம். அங்கே 1950-களில் புள்ளியியலில் ஆனர்ஸ் பட்டப்படிப்பு இருந்தது. பொன்னேரியில் தலைமையாசிரியராக இருந்த ஒருவருடைய மகன், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்து அதில் சேர்ந்தார். சீனிவாச வரதன் என்னும் அவ்விளைஞர் 1959-இல் பட்டம் பெற்று, கல்கத்தாவில் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குச் சென்றபோது அவருக்கிருந்த நோக்கம், நம் ஆலய முற்றத்துப் பெற்றோர் ஏற்கக்கூடியதே: தொழிற்சாலைகளுக்குப் பயன்படும் புள்ளியியலைக் கற்றுப் பிழைத்துக்கொள்வது.

அங்கே அவரை வழி மாற்றியவர்கள் மூத்த மாணவர்கள். அவர்களுள் ஒருவர் கே. ஆர். பார்த்தசாரதி, நம் மயிலையில் 1946-இல் தொடங்கிய விவேகானந்தா கல்லூரியில் கணிதம் பயின்றவர். மற்றொருவர் ரங்கராவ். மாநிலக் கல்லூரியிலிருந்து வரதனுக்கு முன்னரே அங்கு சென்ற வி. எஸ். வரதராஜனையும் சேர்த்து நால்வர் என்று அக்கழகத்தின் வரலாறு பேசும். நிகழ்தகவின் அடிப்படைகளை இவர்கள் தாமாகவே கூடிப் படித்தனர். வழிகாட்டி சி. ஆர். ராவ். 1962-இல் கல்கத்தா வந்த இரஷ்யக் கணித மேதை கொல்மகரோவ், வரதனுடைய ஆய்வேட்டின் தேர்வாளர்களுள் ஒருவரானார். மறு ஆண்டே வரதன் நியூயார்க் சென்றார்.

அவருக்குப் புகழ் தந்தது பெருவிலகல்கள் பற்றிய கோட்பாடு. ஆயிரம் வீடுகளுக்குத் தீக்காப்பீடு செய்த நிறுவனத்தை எண்ணிப் பார்க்கலாம். ஓராண்டில் இரண்டோ மூன்றோ எரியும் என்பது சராசரி. ஒரே ஆண்டில் ஐம்பது எரிந்தால் நிறுவனம் மூழ்கும். அப்படி நேர்வது எவ்வளவு அரிது, நேர்ந்தால் எவ்வழியில் நேரும் என்ற கேள்வியை ஸ்வீடன் நாட்டுக் கிராமர் 1938-இல் எழுப்பினார். வரதன் அதைப் பொதுக்கோட்பாடாக விரித்தார். சராசரியோடு நின்றுவிடாமல் அரிதான ஒன்றைத் தேடிப் போகும் இந்த ஆர்வம், தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிய ஆயனை அறிந்த நமக்கு அந்நியமாகப் படாது. அவருடைய மூத்த மகன் 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் உயிரிழந்தார். 2007-இல் வரதனுக்குக் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளுள் ஒன்றான ஏபல் பரிசு கிடைத்தது.

கணிதம் என்றதும் நாம் மறக்கலாகாத துறவி ஒருவர் உண்டு. இயேசு சபை அருட்தந்தை சார்லஸ் ராசின், பாரிசில் எலி கார்த்தானிடம் ஆய்வுப் பட்டம் பெற்று 1937-இல் இந்தியா வந்தவர். திருச்சியில் சிறிது காலம் பணியாற்றியபின் சென்னை இலொயோலாக் கல்லூரியில் பல்லாண்டு கற்பித்தார். அவருடைய வகுப்புரைகள் எளிதில் விளங்குபவை அல்ல என்று மாணவரே சொல்லியிருக்கின்றனர். ஆயினும் பழைய கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்துக்கு அப்பால் கணிதம் எங்கே உயிரோடிருக்கிறது என்பதைக் காட்டி, திறமுள்ளோரைப் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார். அப்படிச் சென்றவர்களுள் ஒருவர் சி. எஸ். சேஷாத்திரி. அவர் திரும்பி வந்து 1989-இல் தொடங்கிய கணிதப் பள்ளி, தியாகராய நகரில் இயங்கி, பின்னர் 2005-இல் சிறுசேரிக்குச் சென்றது. சென்னைக் கணிதக் கழகம் என்ற பெயரில் இன்று அது தரவு அறிவியலிலும் முதுகலைப் பட்டம் தருகிறது. வகுப்பறையில் விளங்காத ஆசிரியர் விதைத்தது எங்கே முளைக்கும் என்று யார் கணிப்பது!

அடையாற்றுப் பக்கத்து ஐ.ஐ.டி. 2020-இல் இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஐ.ஐ.டி.க்கு உரிய அந்தக் கடும் நுழைவுத் தேர்வு இதற்கு இல்லை; சில வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். வசதி குறைந்தோர்க்குக் கட்டணச் சலுகையும் உண்டு. கலைப்பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மீனவக் குடும்பத்துப் பெண்ணும் சேரலாம் என்பதை நாம் நன்மையாகவே கருதுகிறோம். மறுபுறம், பழைய பாடத்துக்குப் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டு, சில மென்பொருள்களைப் பழக்கிப் பட்டம் கொடுக்கும் இடங்களும் பெருகிவிட்டன. சேர்க்கைப் படிவம் வாங்கச் செல்லும் பெற்றோர், நிகழ்தகவுக்கு எத்தனை பருவங்கள் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் உண்மை தெரிந்துவிடும். கணிப்பொறி தானே விடை தரும். அவ்விடை எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்று கேட்கப் பழக்குவது புள்ளியியல்.

அடையாற்றுப் படிப்பில் சேரும் பிள்ளை முதலில் உட்காருவதும் சராசரி, மாறுபாடு, நிகழ்தகவு என்ற பழைய பாடத்தில்தான். பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம்; தேர்வுகளைக் குறித்த மையத்துக்கு நேரில் சென்று எழுதவேண்டும். அவை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கின்றன. ஆதலால் அவ்வாரங்களில் பிள்ளைகளைச் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கு அழைத்துவருமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.