அறை இல்லை, தரை உண்டு: திருத்தணியில் தங்குவது பற்றி

சென்னையில் இன்றைக்கு யாரிடமாவது "இங்கே சத்திரம் எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஏதோ கல்யாணத்துக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வழி சொல்வார்கள். சத்திரம் என்றால் கல்யாண மண்டபம். ராத்திரி தங்க இடம் வேண்டும் என்றால் லாட்ஜ் என்று கேட்க வேண்டும். ஒரு சொல் இப்படித் தன் வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனது எப்போது, ஏன்? கொஞ்ச நாளாக இதைத் துருவிக்கொண்டிருக்கிறேன். அதற்குத் தோதான ஊராக எனக்குப் பட்டது திருத்தணி.

திருத்தணி என்றதும் எல்லோரும் மேலே பார்ப்போம். மலை, 365 படி, உச்சியில் முருகன். ஆனால் தங்குவதைப் பற்றிப் பேச வேண்டுமானால் கீழே பார்க்க வேண்டும். மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை என்ற பெரிய குளம் இருக்கிறது. குமார தீர்த்தம் என்றும் சொல்வார்கள். ஆடிக் கிருத்திகையில் மூன்று நாள் தெப்பம் நடப்பது இங்கேதான். இந்தக் குளத்தைச் சுற்றி மடங்கள் எழும்பின. அதனாலேயே அந்தப் பகுதிக்கு மடம் கிராமம் என்று பெயர். கவனியுங்கள், கோயில் கிராமம் இல்லை, தேர் வீதி இல்லை, மடம் கிராமம். வருகிறவர்கள் படுத்து எழுந்து குளித்துக் கிளம்பும் இடமே ஊரின் ஒரு பகுதிக்குப் பெயராகிவிட்டது.

ஏன் அப்படி? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். சென்னையிலிருந்து திருத்தணி சுமார் 85 கிலோமீட்டர். மாட்டு வண்டியில் ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் போனாலே அதிகம். ஆக, போக மூன்றரை நாள், வர மூன்றரை நாள். நடந்து வருகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஒரு வாரத்தைச் செலவழித்து வந்த மனுஷன் ஒரு மணி நேரத்தில் தரிசனம் முடித்து உடனே திரும்ப மாட்டான். மாசியில் வள்ளி கல்யாணம், சித்திரையில் தெய்வானை கல்யாணம் என்று இங்கே நடப்பதெல்லாம் பத்து நாள் திருவிழாக்கள். தங்கித்தான் ஆகணும். (பயணமும் வேண்டாம், தங்கலும் வேண்டாம் என்று இருந்தவர் ஒருவர் உண்டு. சென்னை ஏழுகிணறு வீட்டில் கண்ணாடியிலேயே தணிகை முருகனைக் கண்டதாகச் சொல்லப்படும் வள்ளலார். எல்லோருக்கும் அது வாய்க்காது.)

அந்தக் காலத்தில் சத்திரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இரண்டு சாட்சிகள் சொல்கிறேன். ஒன்று, கம்பெனி அரசு கொண்டுவந்த 1817-ஆம் வருஷத்து 7-வது ரெகுலேஷன். கோயில், மசூதிகளுக்கு விடப்பட்ட மானிய நிலங்களின் வருமானத்தைக் கண்காணிக்க வந்த சட்டம் அது. அதன் தலைப்பிலேயே பாலங்களும் சத்திரங்களும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. அதாவது அரசாங்கத்தின் கண்ணில் சத்திரம் என்பது தர்ம காரியம் மட்டுமில்லை, பாலம் மாதிரி பாதையின் ஒரு உறுப்பு.

இரண்டாவது சாட்சி, தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1801-ல் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். ராஜ்ஜியத்தில் முக்கால்வாசி கையை விட்டுப் போன நேரத்தில், சத்திரங்களை மட்டுமாவது என் பொறுப்பில் விடுங்கள் என்று கேட்கிறார். ராமேஸ்வரம் போகும் பாதையில் இருந்த அந்தச் சத்திரங்களில் வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு, நோயாளிக்கு வைத்தியம், பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கவனிப்பு, செத்துப்போனவர்களுக்குக் கடைசிக் காரியம் வரை நடந்ததாக விவரிக்கிறார். ராஜா தன் பெருமையைத் தானே சொல்வதால் கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் சத்திரம் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று அன்றைக்கு எதிர்பார்த்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

திருத்தணி தஞ்சாவூர் இல்லை. இது கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்த ஊர். ராஜா ஒருவர் வரிசையாகக் கட்டிவைத்த கட்டடங்கள் இல்லாமல், மடங்களும் சமூகச் சத்திரங்களும் மண்டபங்களும் திண்ணைகளுமாகச் சேர்ந்து உருவான ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை முதலில் அசைத்தது ரயில். ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது 1856-ல். அரக்கோணத்தில் பிரியும் வடமேற்குக் கிளை 1862-ல் ரேணிகுண்டாவைத் தொட்டது. அந்தத் தடத்தில்தான் திருத்தணி இருக்கிறது. மூன்றரை நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. அப்புறம் சென்னை–திருப்பதி சாலை, மலை உச்சி வரை வண்டி போகும் பாதை, இன்றைக்குப் புறநகர் மின்சார ரயில். காலையில் கிளம்பி, சாமி பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம். வருகிறவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, தங்க வேண்டிய அவசியம் குறைந்துகொண்டே வந்தது.

ஆள் தங்காத சத்திரத்தை என்ன செய்வது? பெரிய கூடம், பின்கட்டில் சமையல்கட்டு, கிணறு, நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட இடம். கல்யாணத்துக்கு என்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி! முருகன் சன்னதியில் கல்யாணம் செய்ய வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லாத ஊர் வேறு. வழிப்போக்கனிடம் காசு வராது, முகூர்த்த நாளில் வரும். சொல் தொழில் மாறியதற்கு என் விளக்கம் இதுதான்: சத்திரத்தை யாரும் மூடவில்லை, வேறு விருந்தாளி வந்து உட்கார்ந்தார்.

மலைப்பாதையில் தங்குமிடத்துக்கு இப்படி நேர்வது நம் ஊரில் மட்டும் இல்லை. மார்ச் மாசம் வந்தால் எங்கள் ஆபீஸ் பையன்கள் குல்மார்க், ஔலி என்று பனிச்சறுக்குக்கு ரூம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். சனி, ஞாயிறு ரெண்டே நாள், அதற்குள் விலை எகிறியிருக்கும். அவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஆல்ப்ஸ் மலையின் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயைப் பற்றித் தேடிப் படித்தேன். சுவிட்சர்லாந்து–இத்தாலி எல்லையில், 2,469 மீட்டர் உயரத்தில், 11-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவிகள் வைத்த தங்குமிடம் அது. பனியில் கணவாயைக் கடக்கிற யாருக்கும் கதவு திறக்கும். நம் பாஷையில் சொன்னால் மடம். 1964-ல் மலைக்கு அடியில் சுரங்கச் சாலை திறந்தார்கள். அன்றோடு பாதையில் போகிறவர்களுக்கு அந்த மடம் தேவைப்படவில்லை. ஆனாலும் அது இன்றும் திறந்திருக்கிறது. பனிக்காலத்தில் மேலே சாலை மூடிவிடுவதால், பனிச்சறுக்குக் கட்டையிலோ பனிக் காலணியிலோ ஏறிப் போகிறவர்கள் மட்டும் அங்கே தங்குகிறார்கள். அதாவது அவசரமாகப் போகிறவனுக்குச் சுரங்கம், மெதுவாக வருகிறவனுக்கு மடம்.

திருத்தணிக்கும் மெதுவாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். விரதம் இருந்து, காவடி கட்டி, சித்தூர், நகரி, புத்தூர் பக்கமிருந்தும் நம் வட மாவட்டங்களிலிருந்தும் கூட்டம் கூட்டமாக நடந்தும், வேன் பிடித்தும் வருகிறவர்கள். குடும்பத்தோடு வருவார்கள், முடி இறக்குவார்கள், ஒரு ராத்திரி தங்குவார்கள். இவர்களுக்கு வேண்டியது லாட்ஜ் இல்லை.

இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்கிறது. சர்வர் வைத்து நடத்துகிற எங்களுக்குச் சராசரிக் கூட்டம் பிரச்னையே இல்லை, உச்சக் கூட்டம்தான் பிரச்னை. கிருத்திகை சுமார் 27 நாளுக்கு ஒரு தரம், வருஷத்துக்கு 13 அல்லது 14 தடவை வரும். அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். ஆடிக் கிருத்திகை தனிக் கணக்கு. அந்த ஒரு நாளுக்காக எவனும் லாட்ஜ் கட்ட மாட்டான், மீதி நாளெல்லாம் காலியாகக் கிடக்கும். பழைய மடங்கள் இதை எப்படிச் சமாளித்தன? அறை கொடுக்கவில்லை, தரை கொடுத்தன.

ஆயிரம் சதுர அடிக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறடிக்கு இரண்டரை அடி பாய் விரித்தால் 15 சதுர அடி. நடக்க வழி விட்டு 20 என்று வைத்தால் 50 பேர் படுக்கலாம். அதே ஆயிரம் சதுர அடியை லாட்ஜாகத் தடுத்து, குளியலறையும் நடையும் விட்டால் ஆறு அறை, கட்டிலுக்கு இரண்டு பேராக 12 பேர். கூட்டம் இல்லாத நாளில் கூடம் சும்மா கிடந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை, பெருக்கிவிட்டால் போதும். கட்டிடத்தை மாற்றாமலே நான்கு மடங்கு ஆளைத் தாங்குகிற ஏற்பாடு. தேவஸ்தான விடுதி அறைகள் வந்தது நல்லதுதான். ஆனால் அவையும் அறைகள்தான்.

அந்தத் தரை எல்லோருக்கும் கிடைத்ததா என்று கேட்காமல் இதைப் புகழ்வது நேர்மை இல்லை. கிடைக்கவில்லை. சத்திரங்களில் சாதிக்கு ஒரு கட்டு, பிராமணருக்குத் தனிச் சமையல். தலித்துகளுக்கு வாசல்படியே கிடையாது. நாடு முழுக்க இந்த நிலைமை இருந்ததால்தான் 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், ஓட்டலோடு தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. லாட்ஜ்காரன் கேட்பது காசு. சத்திரத்துக்காரன் கேட்டது குலம். இந்த விஷயத்தில் லாட்ஜ் பக்கம்தான் என் ஓட்டு. ஆனால் காசும் ஒரு வாசல்படிதான்.

எல்லைக் கதையையும் ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆற்காட்டிலிருந்து அங்கே போன ஊர் திருத்தணி. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதோடு போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் தாண்டி 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஐம்பது வருஷத்துக்குள் இத்தனை தடவை கைமாறிய ஊரில், ஒரு சத்திரத்துக்கு எழுதிவைத்த நிலப் பத்திரத்தைத் தேட வேண்டுமானால் முதலில் எந்த மாவட்டத்துக் காகிதத்தில் தேடுவது என்று கேட்க வேண்டும். பக்தர்களுக்கு மட்டும் கோடு தெரியவே இல்லை. இன்றைக்கும் படியில் தமிழும் தெலுங்கும் சரிபாதியாகக் காதில் விழும்.

அந்தப் படிகளையே தங்குமிடமாக்கியவர் ஒருவர் இருக்கிறார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். பூர்வாசிரமத்தில் மைசூர் அரண்மனைச் சமையல்காரர். ஜனவரி 1-ந் தேதி வெள்ளைக்கார துரைகளுக்கு மாலையும் பழமும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்து, முதலில் நம் துரையைப் பாருங்கள் என்று தணிகை முருகனைக் காட்டியதாகச் சொல்வார்கள். 1910-களின் கடைசியில் அவர் தொடங்கிவைத்ததுதான் டிசம்பர் 31 திருப்படித் திருவிழா. படிக்கு ஒரு திருப்புகழ் என்று பாடிக்கொண்டே ஏறி, நடுராத்திரியில் புது வருஷத் தரிசனம். அந்த ஒரு ராத்திரி அறை யாருக்கும் பெரிய கவலை இல்லை. பாட்டு நடக்கிற படியில் உட்கார்ந்துகொள்ளலாம், தூக்கம் வந்தால் அங்கேயே சாய்ந்துகொள்ளலாம்.

மற்ற ராத்திரிகளுக்கு? சட்டம் இப்போது சத்திரத்தை வேறு விதமாக அடையாளம் காண்கிறது. 2022 ஜூலை 18 முதல், நாளுக்கு ஆயிரம் ரூபாய் வரை வாடகையுள்ள ஓட்டல் அறைக்கும் 12 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று ஆனது. மத, தரும அறக்கட்டளைகள் கோயில் வளாகத்தில் ஆயிரத்துக்குக் குறைவாக விடும் அறைக்கு விலக்கு தொடர்ந்தது. அமிர்தசரஸ் பொற்கோயில் சராய்களை ஒட்டிச் சர்ச்சை கிளம்பியதும், வளாகம் என்பதை விரிந்த பொருளில் எடுக்க வேண்டும், சுவருக்கு வெளியே பக்கத்தில் உள்ள சராய்க்கும் விலக்கு உண்டு என்று ஆகஸ்டில் விளக்கம் வந்தது. நல்ல விளக்கம்தான். சரவணப் பொய்கைக் கரை மாதிரி இடங்களுக்கும் பொருந்தக்கூடியது. ஆனால் அதிலும் பேச்சு முழுக்க அறையைப் பற்றி. ஒரு கூடம், மேலே மின்விசிறி, சுத்தமான கழிப்பறை, பூட்டுப் போட்ட பெட்டி, ஆளுக்கு ஒரு பாய் என்று கிருத்திகை ராத்திரிக்கு மட்டும் கதவு திறக்கும் ஏற்பாட்டுக்கு முகூர்த்தம் இல்லாத நாளில் காலியாகக் கிடக்கும் மண்டபங்களே போதும். ஆடியில் கல்யாணம் வைக்கும் வழக்கம் நம்மிடம் கிடையாது. ஊரின் பெரிய கூட்டம் வருவதும் அந்த ஆடியில்தான்.