தேய்ஞ்ச முட்டிக்கு ரெஸ்ட்டா, நடையா? ஒரு குட்டி வரலாறு

1/
"ஏற்கனவே தேய்ஞ்சு போன முட்டி. நடந்து இன்னும் தேய்க்கவா டாக்டர்?"

கோரிப்பாளையத்துல ஓ.பி. பார்க்கும்போது ஒரு பூக்கார அம்மா கேட்ட கேள்வி. வலிக்குப் பயந்து ரெண்டு வருஷமா வீட்டோட இருக்காங்க. இப்ப பஸ் படி ஏற முடியல. வியாபாரமும் போச்சு.

2/
தப்பு அவங்க மேல இல்ல. 'தேய்மானம்'னு சொன்னது நாங்கதான். செருப்பு, டயர் மாதிரி முட்டியும் நடக்க நடக்கத் தேயும்னு அவங்க எடுத்துக்கிட்டாங்க. ஒரு காலத்துல டாக்டர்களே "ரெஸ்ட் எடுங்க"ன்னுதான் சொன்னாங்க.

3/
அது எப்படி மாறுச்சு?

1992. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் ஆய்வு. 10 வருஷத்துல சுமார் 5 கிலோ குறைஞ்ச பெண்களுக்கு, முழங்கால் மூட்டுவலி வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல குறைஞ்சிருந்தது.

4/
1997. 60 வயசு தாண்டிய, முழங்கால் மூட்டுவலி உள்ள 439 பேர். ஒரு குழுவுக்கு நடை, ஒரு குழுவுக்கு தசைப் பயிற்சி, மூணாவது குழுவுக்கு வகுப்பு மட்டும்.

18 மாசம் கழிச்சுப் பார்த்தா, பயிற்சி செஞ்ச ரெண்டு குழுவுக்கும் வலி குறைஞ்சிருந்தது. அதிசயம் இல்ல, மிதமான முன்னேற்றம்தான். ஆனா எக்ஸ்ரேயில மூணு குழுவுக்கும் வித்தியாசமே இல்ல!

அந்த அம்மா கேள்விக்குப் பதில் இதுதான். முறையா நடந்தவங்களுக்கு முட்டி கூடுதலா தேயல.

5/
2005. உடம்புல 1 கிலோ குறைஞ்சா, ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழுற சுமை 4 கிலோ குறையுதுன்னு அளந்து காட்டினாங்க.

6/
காரணம்? முட்டியில இருக்குற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. காலை அசைக்கும்போதுதான் மூட்டுத் திரவத்துல இருந்து சத்து அதுக்குள்ள போகும். தொடைத் தசை வலுவா இருந்தா சுமையில ஒரு பங்கை அது தாங்கிக்கும்.

7/
நம்ம ஊர் அத்தியாயம்: 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்குச்சு. நடக்க முடியாதவங்க வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை வருது. கேட்டு வாங்குங்க.

8/
நீங்க செய்ய வேண்டியது:

• சேர்ல உட்கார்ந்து ஒரு காலை நேரா நீட்டி 5 விநாடி நிறுத்துங்க. 10 தடவை. அப்புறம் அடுத்த கால்.
• 5 நிமிஷ நடையில ஆரம்பிச்சு மெல்லக் கூட்டுங்க. லேசான வலி பரவாயில்ல. மறுநாளும் வலி கூடி இருந்தா அளவைக் குறைங்க.
• சம்மணம், குத்தவைக்கிறது குறைக்கணும். முடிஞ்சா வெஸ்டர்ன் டாய்லெட்.
• மெடிக்கல்ல நீங்களா வலி மாத்திரை வாங்காதீங்க. வயிறும் கிட்னியும் பாழாகும்.
• முட்டி சூடாகி வீங்கினா, காய்ச்சல் வந்தா, விழுந்து கால் ஊன்ற முடியலன்னா உடனே டாக்டரைப் பாருங்க.

9/
பூக்கார அம்மாகிட்ட இப்ப 'தேய்மானம்'ங்கற வார்த்தையே சொல்றதில்ல. "முட்டி பட்டினி கிடக்கும்மா, நடந்து சாப்பாடு போடுங்க"ன்னு சொன்னேன். சிரிச்சாங்க. தெருமுனை வரைக்கும் நடக்க ஆரம்பிச்சிருக்காங்க.

உங்க வீட்டுல முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குற அம்மாவுக்கு, இதை இன்னைக்கே வாசிச்சுக் காட்டுங்க.