ஒரு கைப்பிடி எத்தனை கிராம்?

தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது. இன்றைய வரலாற்றுப் பாடம் அடுப்படியிலிருந்து.

என் மனைவி மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவள் எழுதி வைத்த சமையல் நோட்டைப் பார்த்துத்தான் நான் சமைக்கப் பழகினேன். முதலில் செய்தது உளுந்தம்பருப்புச் சோறு. ‘உப்பு 2 கரண்டி’ என்று எழுதியிருந்தாள். அப்படியே போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. பிறகுதான் புரிந்தது: அவள் போட்டது கல்லுப்பு, நான் போட்டது தூள் உப்பு. கல்லுப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும், தூள் உப்பு நெருங்கி நிற்கும். அதனால் அதே கரண்டியில் உப்பு கூடிவிட்டது. அவள் எழுதியதில் தவறில்லை. அவள் கையிலிருந்த உப்பு எது என்பது மட்டும் நோட்டில் இல்லை.

நம் சமையல் வரலாற்றின் சிக்கலே இதுதான். குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறையும் வரை இங்கே அவர் வீடு விருந்தினருக்குத் திறந்தே இருந்தது. ராஜாஜி, கல்கி போன்றவர்கள் வந்து தங்கினார்கள். கம்பனைப் பேசினார்கள், சாப்பாட்டையும் ரசித்தார்கள். பேச்சு ஏட்டில் நிற்கிறது. விருந்தைப் புகழ்ந்தவர்களும் உண்டு. ஆனால் அந்த அடுப்படியின் அளவுகளை எழுதியவர் யாரையும் நான் படித்ததில்லை. அன்று அது தேவையாகவும் படவில்லை. மகள் தாயின் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

உத்தியோகம், மாற்றல் என்று குடும்பங்கள் ஊர் விட்டு ஊர் போனபோது அந்தப் பள்ளிக்கூடம் கலைந்தது. அப்போதுதான், 1951-இல், சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ முதல் பாகத்தை வெளியிட்டார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். உறவுக்காரப் பெண்கள் கேட்கக் கேட்கப் பக்குவம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். புத்தகமாகவே போடச் சொல்லி ஊக்கம் தந்தவர் உறவினர் கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர். தமிழில் அதற்கு முன்பும் சமையல் நூல்கள் உண்டு. ஆனால் கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் சீரோடு சீராகப் போனது இந்தப் புத்தகம்தான். அம்மா பக்கத்தில் இல்லாத பெண்ணுக்கு அளவைச் சொல்லி, வரிசையைச் சொல்லிக் கொடுத்தது.

அதிலும் ஒரு சோதனை வந்தது. பழைய பதிப்பின் அளவுகள் ஆழாக்கும் பலமும். 8 ஆழாக்கு ஒரு படி. ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். ஆனால் படியோ ஊருக்கு ஊர் மாறும். பட்டணத்துப் படி வேறு, நம் பக்கத்துப் படி வேறு. 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் கடைக்கு வந்தன. புத்தகத்தின் அளவுகளையும் பிற்காலப் பதிப்புகளில் புதுமுறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் என்ற அம்மையார் 1896-லேயே தம் சமையல் நூலில் கப்பையும் கரண்டியையும் தலைதட்டி அளக்கச் சொன்னார். கோபுரமாக அள்ளினால் ஒவ்வொருவர் கோபுரம் ஒவ்வோர் உயரம் அல்லவா!

இந்த வரலாற்றிலிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எந்த டம்ளரானாலும் சமையல் முழுக்க அதே டம்ளரால் அளங்கள். அளவு மாறினாலும் பங்கு மாறாது. உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு அரிசி 2 பங்கு, வறுத்த தொலி உளுந்து 1 பங்கு, தேங்காய்த் துருவல் 1 பங்கு. குக்கரில் தண்ணீர் 7 பங்கு. பூண்டு, வெந்தயம், சீரகம் மறக்க வேண்டாம். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்.

இரண்டு, தலைதட்டி அளங்கள்.

மூன்று, பொருளின் வகையையும் எழுதுங்கள். கல்லுப்பா தூளா, புது அரிசியா பழைய அரிசியா? புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாகப் போதும், பழையது கூடக் கேட்கும்.

நான்கு, உப்பைப் பாதி போட்டு ருசி பார்த்து மீதியைப் போடுங்கள். கூட்டலாம், குறைக்க முடியாது.

போன வாரம் மேலகரத்திலிருக்கும் என் சித்தி வீட்டுக்கு ஒரு சின்ன தராசோடு போனேன். சித்திக்கு வயது 86. “என்னல, என் கையை நிறுக்கவா வந்திருக்க?” என்று சிரித்தாள். உளுந்தை மூன்று முறை அள்ளச் சொன்னேன். 43, 45, 44 கிராம். எழுபது வருஷம் பழகிய கை, 2 கிராம் தாண்டவில்லை. பக்குவத்தைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அவளைப் போலத்தான் என் அம்மாவும் அள்ளிப் போடுவாள். அந்தக் கையை நான் நிறுத்துப் பார்க்கவில்லை. என் மனைவியின் கையையும்தான்.

ஆகவே இந்த வாரம் எல்லோருக்கும் வீட்டுப்பாடம். வீட்டில் அம்மாவோ ஆச்சியோ அத்தையோ இருந்தால் அவர்கள் ஒரு பிடியை நிறுத்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். பரீட்சை இல்லை. ஆனால் காலம் கடந்தால் மறுவாய்ப்பும் இல்லை.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்